டாக்டர் எல்லாப்பிரகட சுப்பராவ் சரித்திரம்

எம் பள்ளியில் வாரத்திற்கு ஒரு நாள், நண்பகலுணவு முடிந்தபின், மாணாக்கர்க்கு நீலநிற மாத்திரையொன்று வழங்கப்படுகிறது. இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த அம்மாத்திரை, சோகைநோய் வாராமற் காப்பதற்காக அரசாங்கத்தார் அனுப்புவது. அதனைப் பிள்ளைகள் விழுங்குமாறு செய்து பதிவேட்டிற் குறிக்கும் பொறுப்பு, எவ்வாறோ தமிழாசிரியராகிய எம்மிடம் வந்து சேர்ந்துள்ளது. சென்ற ஆண்டில் ஒரு நாள், நெடுங்காலம் வாராதிருந்து மீண்ட ஏழாம் வகுப்புச் சிறுமியொருத்தியின் உள்ளங்கையிலும் வழக்கம்போல் ஒரு மாத்திரையை இட்டோம். அவள் விழுங்கவில்லை, கையை மூடிக்கொண்டு நின்றாள். தலையில் முடி அப்பொழுதுதான் மீண்டும் முளைத்துக்கொண்டிருந்தது. அவள் தந்தையார் பள்ளியிற் கொடுத்துச் சென்ற மருத்துவர் சீட்டு எம் கைக்கு வந்து சேரவில்லை என்பது பின்னரே தெரிந்தது. அக்குழந்தை இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவள் என்றும், ஃபோலிக் அமிலம் கலந்த எம்மருந்தையும் தம் அனுமதியின்றி அவளுக்குக் கொடுத்தல் ஆகாது என்றும் அச்சீட்டிற் கண்டிருந்தது. அன்றிரவு யாம் உறங்கினோமல்லோம்.

மறுநாட் காலையில் தந்தையார் வந்தார். நம் சங்கத்து அங்கத்தினர். பாம்பனுக்கு அருகே சிறு கடை வைத்து நடத்துபவர். சினந்தாரல்லர். ஆயினும் ஒரு வினா வினவினார். மற்றைப் பிள்ளைகளுக்கு இரத்தத்தை ஊறச்செய்யும் பொருள், இரத்தத்திலேயே நோய்கொண்ட தம் மகளுக்கு மட்டும் ஆகாததாவது எங்ஙனம் என்பதே அவ்வினா. புணர்ச்சி விதியிலோ யாப்பிலோ ஐயம் என்றால் உடனே விடை கூறியிருப்போம். இதற்கு விடை அறியேமாய், அறிந்து சொல்லுவதாக வாக்களித்து அவரை அனுப்பினோம்.

பின்னர் மருத்துவ அன்பர்களை வினவியும் நூல்களைத் தேடிப் படித்தும் அறிந்தது எம்மை வியப்பில் ஆழ்த்தியது. யாம் எல்லார்க்கும் வழங்கும் நீல மாத்திரையிலுள்ள ஃபோலிக் அமிலமும், அச்சிறுமி வாரம் ஒருமுறை உண்ணும் மெதொட்ரெக்ஸேட் என்னும் மஞ்சள் மாத்திரையும் ஒன்றற்கொன்று பகையான பொருள்கள். எனினும் இரண்டும் ஒரே ஆராய்ச்சிச் சாலையில், ஒரே தலைவரின்கீழ் நடந்த வேலையின் பயனாய் உலகிற்குக் கிடைத்தவை. அத்தலைவர் நம் சென்னையிற் பயின்ற ஓர் ஆந்திரர். அவரே டாக்டர் எல்லாப்பிரகட சுப்பராவ். அவர் பெயரை நம் பாடபுத்தகங்களில் யாம் கண்டதில்லை. ஆதலின் அவருடைய சரித்திரத்தை நம் சங்கத்துக் குடும்பங்கள் அறியுமாறு ஈண்டு எழுதப் புகுந்தோம்.

சுப்பராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12-ஆம் தேதி, கோதாவரிப் பாய்ச்சலிலுள்ள பீமவரத்திற் பிறந்தார். அந்நாளில் அவ்வூரும் நம் இராமநாதபுரமும் ஒரே சென்னை ராஜதானியைச் சேர்ந்தவை. தந்தையார் ஜகந்நாதம் சிறு உத்தியோகத்தில் இருந்து, உடல்நலம் குன்றியமையால் காலத்திற்கு முன்னரே விலகியவர். வீட்டில் வறுமை மிக்கிருந்தது. தாயார் வெங்கம்மா மன உறுதி படைத்தவர். மகன் எவ்வாறேனும் கற்றுத் தேறவேண்டும் என்பதில் அவர் சிறிதும் தளர்ந்தவரல்லர்.

பையனுக்கோ படிப்பில் மனம் ஊன்றவில்லை. காசிக்கு ஓடிச்சென்று, அங்கு வரும் யாத்திரிகர்க்கு வாழைப்பழம் விற்றுப் பெரும்பொருள் திரட்டலாம் என்று எண்ணிப் புறப்பட்டுவிட்டார் என்றும், தாயார் தேடிப் பிடித்து வீட்டிற்குக் கொணர்ந்தார் என்றும் அவர் வரலாறு எழுதினோர் கூறுவர். இராமேசுவரத்துச் சந்நிதித் தெருவிலும் அக்கினி தீர்த்தக் கரையிலும் யாத்திரிகர்க்குச் சங்கும் பாசிமணியும் விற்கும் சிறுவரை நாள்தோறும் காணும் நமக்கு இச்செய்தி புதுமையன்று. அச்சிறுவருள்ளும் எத்துணைப் பேர் பள்ளிப் பதிவேட்டில் பெயர் மட்டும் உள்ளவர் என்பதை யாம் அறிவோம்.

மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இருமுறை தவறி, மூன்றாம் முறையே தேறினார். அத்தேர்ச்சி சென்னைத் திருவல்லிக்கேணி ஹிந்து உயர்தரப் பாடசாலையிற் படித்தபொழுது கிடைத்தது. பின்னர் ராஜதானிக் கலாசாலையிற் சேர்ந்தார். இக்காலத்தில் அவர் உள்ளம் துறவை நாடியது. இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து சந்நியாசியாக விரும்பினார். சுவாமி விவேகாநந்தர் 1897-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் கொழும்பிலிருந்து வந்து நம் பாம்பன் கரையில் இறங்கியதையும், பாஸ்கர சேதுபதி மன்னர் எதிர்கொண்டு வரவேற்றதையும் நம்மனோர் இன்றும் பெருமையுடன் பேசுகின்றனர். சென்னையில் மடம் நிறுவப்பெற்றதும் அவ்வாண்டிலேயே. அம்மடத்தாரோ, தாயின் சம்மதமின்றி இளைஞரைச் சேர்த்துக்கொள்ள இசைந்தாரல்லர், தாயாரும் சம்மதித்தாரல்லர். வைத்தியம் கற்றுப் பிணியாளர்க்குத் தொண்டு செய்யும்படி அவரைத் திருப்பிவிட்டனர். அவ்வாறே அவர் சென்னை மருத்துவக் கலாசாலையிற் சேர்ந்தார். தந்தையார் முன்னரே இறந்துவிட்டமையின் நண்பர்களும், பின்னர் மாமனாராக வந்தவரும் பொருளுதவி புரிந்தனர்.

அது காந்தியடிகளின் சுதேசி இயக்கம் எழுந்த காலம். சுப்பராவ் அறுவை வைத்தியச் சாலையிலும் கதராடையே உடுத்தி நின்றார். ஆங்கிலேயப் பேராசிரியர்க்கு இஃது உவப்பாக இருக்கவில்லை. எழுத்துப் பரீட்சைகளில் நன்றாகவே எழுதியிருந்தும், எம். பி., பி. எஸ். பட்டம் கிடைக்காமல் அதனிற் குறைந்த எல். எம். எஸ். என்னும் சான்றே அவருக்குக் கிடைத்தது. சென்னை வைத்திய இலாகாவில் உத்தியோகம் வேண்டினார், அதுவும் கிட்டவில்லை.

இவற்றினும் பெரிய துன்பம் வீட்டில் நேர்ந்திருந்தது. அவர் உடன்பிறந்தார் இருவர் ஸ்ப்ரூ என்னும் நோயால் அடுத்தடுத்து மாண்டனர். நம் நாட்டு வைத்தியர் கிரகணி என்று கூறும் நோய்வகையைச் சேர்ந்தது இது. குடலானது உணவின் சத்தை ஏற்கும் ஆற்றலை இழந்துவிடும், ஓயாத கழிச்சல் உண்டாகும், வாய் வேகும், உடல் மெலியும், நாளடைவில் முகம் வெளுத்துப் பாண்டு முற்றிச் சாவில் முடியும். உண்ணும் உணவிருந்தும் இரத்தம் ஊறாமையே இந்நோயின் கொடுமை. அந்நாளில் இதற்குரிய காரணம் ஒருவருக்கும் தெரியாது. சுப்பராவையும் இந்நோய் பற்றியது. டாக்டர் ஆசண்ட லக்ஷ்மீபதி என்பவரின் ஆயுர்வேத சிகிச்சையால் அவர் பிழைத்தார். (இந்த லக்ஷ்மீபதியின் மனைவியாரே 1930-ஆம் ஆண்டு வேதாரணியத்து உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுச் சிறை புகுந்த ருக்மணி லக்ஷ்மீபதி அம்மையார்.) நலமடைந்த சுப்பராவ், லக்ஷ்மீபதி நடத்திய ஆயுர்வேதக் கலாசாலையிலேயே ஆசிரியராக அமர்ந்தார். தம்மைக் காத்த மருந்தில் காத்தது எது, தம் உடன்பிறந்தாரைக் கொன்ற நோயில் குறைந்திருந்தது எது என்னும் கேள்வி அவரைவிட்டு நீங்கவில்லை. அதற்கு விடை காண்பதற்குரிய இரசாயனக் கருவிகளும் பயிற்சியும் அன்று சென்னையில் இல்லை. ஆதலின் அமெரிக்காவுக்குச் செல்லத் துணிந்தார்.

செல்வதற்குப் பணம்? இவ்விடத்தில் நம் சங்கத்தார் சற்றே நின்று கருதவேண்டிய செய்தி ஒன்றுண்டு. மாமனார் திரட்டிய பொருளோடு, காக்கிநாடாவிலுள்ள மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தருமத்தாரும் உதவுவதாக வாக்களித்தனர். அச்சத்தியலிங்க நாயக்கர் கோதாவரி முகத்திலுள்ள கோரங்கித் துறையைச் சேர்ந்தவர். கடல்தாண்டி இரங்கூன் சென்று, அங்குத் துறைமுகத் தொழிலிற் பெரும்பொருள் ஈட்டி, அதனைக் கல்விக்கும் தருமத்திற்கும் எழுதி வைத்தவர். இரங்கூனுக்கும் கொழும்புக்கும் போய்ப் பொருளீட்டிய பாட்டன்மாரைப் பற்றி நம் வீடுகளிலும் கதைகள் உண்டு. நாயக்கர் குலம் வேறு. சுப்பராவ் பிறந்த அந்தண குலம் வேறு. இருமுறை பரீட்சையில் தவறியவர், குறைந்த சான்று பெற்றவர், வேற்றுக் குலத்தார் என்று பாராமல் அத்தருமம் கை நீட்டியது. நம் சங்கத்துக் கல்வி நிதி யாருக்கு உரியது, எத்துணை மதிப்பெண் பெற்றார்க்கு உரியது என்று மகாசபைதோறும் எழும் வாதத்தில் யாம் எப்பக்கம் நிற்கிறோம் என்பது அன்பர்கள் அறிந்ததே. நிற்க.

கருவுற்றிருந்த மனைவியாரை ஊரில் விட்டு, இருபதுகளின் முற்பகுதியில் சுப்பராவ் போஸ்டன் நகரை அடைந்தார். பின்னர்ப் பிறந்த மகன் சிசுப் பருவத்திலேயே இறந்தான். தந்தை மகன் முகத்தைக் கண்டதில்லை. மனைவியாரையும் மீண்டும் காணவில்லை. இச்செய்தியைப் படிக்குந்தோறும் எமக்கு அவர்மீது சிறிது மனவருத்தம் உண்டாவதை மறைக்கவில்லை. எனினும் அன்று கடலைத் தாண்டிச் சென்றோர் பலர் நிலை இதுவே. நம் ஊர்களிலும் கப்பலை நோக்கியே வாழ்நாளைக் கழித்த பெண்மணிகள் இருந்தனர் அல்லரோ?

போஸ்டனில் அவர் கையிற் பணமில்லை. ஆஸ்பத்திரியொன்றில் இரவு வேளையில் நோயாளரின் மலஜலப் பாத்திரங்களைக் கழுவும் வேலை செய்து, பகலில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் வெப்பநாட்டு நோய்களைப் பற்றிப் பயின்றார். பின்பு அங்கேயே உயிர் இரசாயனத் துறையிற் சேர்ந்தார். அத்துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்னும் ஆசிரியருடன் சேர்ந்து, இரத்தத்திலும் நீரிலும் உள்ள பாஸ்பரஸின் அளவைக் காணும் ஒரு முறையை 1925-ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஃபிஸ்க் – சுப்பராவ் முறை என்று உலகெங்கும் பரிசோதனைச் சாலைகளில் வழங்கியது அது. அம்முறையைக் கொண்டே 1927-இல் தசையிலுள்ள பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளையும், 1929-இல் ஏ. டி. பி. என்னும் பொருளையும் கண்டனர். பின்னதனை அவ்வாண்டிலேயே ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியே கண்டார். துறைமுகத்தில் மூட்டை தூக்குவோர் கை மடங்குவதற்கும், நம் நெஞ்சம் துடிப்பதற்கும் வேண்டிய வலிமை இப்பொருளிலிருந்தே வருகிறது. இன்று பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் ஏ. டி. பி. என்பதை மனப்பாடம் செய்கின்றனர். கண்டவர் பெயரை அவர்களுக்குச் சொல்வார் இல்லை.

1930-இல் டாக்டர் பட்டம் பெற்றும், ஹார்வர்டில் அவருக்கு நிலையான ஆசிரியப் பதவி கிடைக்கவில்லை. அவருடைய ஆராய்ச்சியில் ஒரு பகுதி ஃபிஸ்கின் பொறாமையால் வெளிவராமலே போயிற்று என்றும், அவற்றைப் பிறர் பல ஆண்டு கழித்து மீண்டும் கண்டுபிடிக்க நேர்ந்தது என்றும் ஜார்ஜ் ஹிச்சிங்ஸ் என்பவர் பிற்காலத்தில் தெரிவித்திருக்கிறார். இந்த ஹிச்சிங்ஸும் அதே ஆராய்ச்சிச் சாலையிற் பயின்றவர். 1988-இல் நோபல் பரிசு பெற்றவர். அன்பர்கள் இப்பெயரை நினைவில் வைக்கவேண்டும்; பின்னர் மீண்டும் வருவார்.

இக்காலத்திலும் சுப்பராவ் பழைய கேள்வியை மறந்தாரல்லர். 1926-ஆம் ஆண்டில் போஸ்டன் வைத்தியர் மைனாட், மர்பி என்போர், கொடிய சோகையொன்றிற்கு ஈரலை உண்பித்தால் நோயாளர் பிழைக்கின்றனர் என்று கண்டிருந்தனர். ஈரலில் உள்ள எப்பொருள் இரத்தத்தை ஊறச்செய்கிறது என்று பிரித்துப் பிரித்து ஆராய்வதில் சுப்பராவ் முப்பதுகளைக் கழித்தார். இந்நிலையில் நம் நாட்டிலும் ஒரு சிறந்த வேலை நடந்தது. லூசி வில்ஸ் என்னும் ஆங்கில வைத்திய அம்மையார் பம்பாயில் நெசவாலைகளில் உழைத்த கர்ப்பிணிகளின் சோகையை ஆராய்ந்தார். விலைகுறைந்த மார்மைட் என்னும் ஈஸ்ட் சத்தைக் கொடுத்தால் அச்சோகை நீங்குவதை 1931-இல் வெளியிட்டார். அவ்வம்மையார் அவ்வாண்டில் நம் சென்னைத் திருவல்லிக்கேணியிலுள்ள கோஷா ஆஸ்பத்திரியிலும் பணியாற்றினார். சுப்பராவ் மூன்றாம் முறை பரீட்சை எழுதித் தேறிய பேட்டையும் அதுவே. ஒருவர் நாடிய பொருளை மற்றவர் அவர் விட்டுச்சென்ற தெருக்களிலேயே தேடிக்கொண்டிருந்தார் என்பது எமக்கு மிகவும் சுவையாகத் தோன்றுகிறது.

1941-இல் டெக்ஸாஸ் நாட்டு ஆராய்ச்சியாளர் நான்கு டன் கீரையை அரைத்து வடித்து, அதிலிருந்து அப்பொருளை மிகச் சிறிதளவில் எடுத்தனர். இலை என்னும் பொருள்படும் லத்தீன் சொல்லைக் கொண்டு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். அதற்கு முன்னரே, 1940-இல், சுப்பராவ் ஹார்வர்டை விட்டு நியூயார்க்கிற்கு அருகே பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடெர்லி ஆராய்ச்சிச் சாலையிற் சேர்ந்திருந்தார். விரைவில் அதன் ஆராய்ச்சித் தலைவரும் ஆனார். நான்கு டன் கீரையிலிருந்து சிட்டிகை எடுப்பதால் நோயாளர்க்குப் பயனில்லை. அப்பொருளின் அமைப்பை அறிந்து ஆராய்ச்சிச் சாலையிலேயே செய்தல் வேண்டும். சுப்பராவின்கீழ் உழைத்த குழுவினர் 1945-இல் அதனைச் செய்து முடித்தனர். செய்தித்தாள்களிற் சிலர் எழுதுவதுபோல் சுப்பராவ் தனியொருவராகவே இதைச் செய்தார் என்று கூறுதல் பொருந்தாது. அக்கட்டுரையிற் பலர் பெயர் உள்ளது. வழியை வகுத்தவரும், ஆட்களைச் சேர்த்தவரும், தளராமல் நடத்தியவரும் அவர். தம் பெயரைக் கட்டுரைகளில் முன்வைத்துக்கொள்ளாதவர் என்று உடன் உழைத்தோர் கூறியுள்ளனர்.

செயற்கையாய்ச் செய்த ஃபோலிக் அமிலத்தை டாம் ஸ்பைஸ் என்னும் அமெரிக்க வைத்தியர் சோகை நோயாளர்க்கும், பின்னர் ஸ்ப்ரூ நோயாளர்க்கும் கொடுத்துப் பார்த்தார். வெளுத்த முகங்கள் சிவந்தன. எழ இயலாதோர் எழுந்தனர். தம் உடன்பிறந்தாரைக் கொண்டுபோன நோய்க்கு மருந்து சுப்பராவின் சாலையிலிருந்தே சென்றது. இருபது ஆண்டுகட்கு மேற்பட்ட தேட்டத்திற்கு இஃதே விடை. மற்றொருவராயின் இத்துடன் அமைந்திருப்பர்.

இனி அந்தத் தந்தையார் வினாவிற்கு வருவோம். இரத்தம் எலும்பினுள்ளே இருக்கும் மச்சையில் ஊறுகிறது. புதிய அணுக்கள் இடையறாது தோன்றுவதற்கு ஃபோலிக் அமிலம் வேண்டும். இரத்தப் புற்றுநோயில் மச்சையிலுள்ள வெள்ளணுக்களுள் ஒருவகை, முதிராத நிலையிலேயே அளவிறந்து பெருகி, நல்ல அணுக்களுக்கு இடமின்றிச் செய்கிறது. வயலில் நெல்லை நெருக்கிக் கோரை மண்டுவது போன்றது இது. எரு இட்டால் நெல் மட்டுமா வளரும்? போஸ்டனிற் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இருந்த சிட்னி ஃபார்பர் என்னும் வைத்தியர், லெடெர்லியார் அனுப்பிய ஃபோலிக் அமிலக் கூட்டுப் பொருள்களை இந்நோய்கொண்ட குழந்தைகளுக்குக் கொடுத்தபோது, நோய் விரைந்து பெருகுவதாகக் கண்டார். அக்குழந்தைகளின் நிலையை எண்ணினால் நெஞ்சம் நடுங்குகிறது. ஆயினும் அத்துயரத்திலிருந்தே புதிய வழி புலப்பட்டது. எரு இடுதல் நோயை வளர்க்குமாயின், எருவைத் தடுத்தல் நோயைத் தளர்த்துமன்றோ?

தடுப்பது எங்ஙனம்? ஃபோலிக் அமிலம் போலவே தோற்றமுடையதாய், ஆனால் அதன் பயனைத் தாராத போலிப்பொருள் ஒன்று வேண்டும். நம் கடற்கரையோர் தூண்டிலில் இறகையோ பளபளக்கும் தகட்டையோ கட்டி இழுப்பது காண்கிறோம். மீன் இரையென்று கவ்வும், பின் விடமுடியாது. நோயணுவும் அவ்வாறே போலியை உணவென்று ஏற்று, அதனை விடவும் மாட்டாமல், பெருகவும் மாட்டாமல் அழியும். ஃபோலிக் அமிலத்தைச் செய்யக் கற்ற சுப்பராவின் சாலையாருக்கே அதனைச் சிறிது திரித்துச் செய்தலும் கைவந்தது. டாரிஸ் சீகர் என்னும் அம்மையாரும் அவருடன் உழைத்தோரும் 1947-இல் அமினோப்டெரின் என்னும் பொருளைச் செய்தனர். ஃபோலிக் அமிலத்திற்கும் அதற்கும் உள்ள வேறுபாடு, ஓரிடத்தில் ஆக்ஸிஜன் நிற்க வேண்டிய தானத்தில் நைட்ரஜன் கூட்டம் நிற்பதே. முதலெழுத்தொன்று திரிந்தால் விருந்து மருந்தாகிவிடுவதை நாள்தோறும் கற்பிக்கும் எமக்கு, இயற்கையின் இலக்கணத்திலும் அவ்விதி உண்டென்று கண்டபொழுது உண்டான மகிழ்ச்சி கொஞ்சமன்று.

1947-ஆம் ஆண்டு முடியும் தறுவாயில் ஃபார்பர் இம்மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார். 1948 ஜூன் மாதத்தில் முடிவை வெளியிட்டார். கடுநோயுற்ற 16 குழந்தைகளுள் 10 பேருக்கு நோய் தணிந்தது. வீங்கிய ஈரலும் மண்ணீரலும் சுருங்கின. குழந்தைகள் எழுந்து விளையாடினர். அதற்கு முன் இந்நோயில் ஒரு மருந்தாலும் இவ்வாறு நிகழ்ந்ததில்லை. ஆயின் தணிவு சில மாதங்களே நின்றது, நோய் மீண்டது. இதனை ஃபார்பரும் மறைத்தாரல்லர். முழுதும் தீரவில்லையே என்று அன்று குறைகூறியோர் பலர். அதுவரை நோயென்று தெரிந்த நாளிலிருந்து வாரங்களை எண்ணிக்கொண்டிருந்த பெற்றோர்க்குச் சில மாதங்கள் எத்தகையன என்பதைக் குறைகூறியோர் அறிந்திரார்.

இதற்கிடையில் சுப்பராவின் சாலையிலிருந்து வேறு இரண்டு மருந்துகளும் வெளிவந்தன. ஒன்று ஆரியோமைசின் என்னும் கிருமிக்கொல்லி. பெஞ்சமின் டக்கர் என்னும் முதிய தாவரநூலறிஞர் மண்ணிலுள்ள பாக்டீரியா இனமொன்றிலிருந்து கண்டது. டெட்ராசைக்ளின் வகைக்கு முதலாவது அதுவே. மற்றொன்று 1947-இல் வெளியான, ஹெட்ரஸான் என்று பெயர்பெற்ற யானைக்கால் மருந்து. தமிழ்நாட்டில் யானைக்கால் உள்ள ஜில்லாக்களில் சுகாதார இலாகாவினர் வீடுதோறும் வந்து ஆண்டுக்கொருமுறை விழுங்கச் சொன்ன மாத்திரை இதுவே. கால் பருத்த முதியோர் இல்லாத கடற்கரைத் தெரு எம் இளமையில் அரிதாயிருந்தது. இன்று அத்தகையோரைக் காண்பதே அரிது.

1948-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஓரிரவு உறங்கச் சென்ற சுப்பராவ் மீண்டும் எழவில்லை. மாரடைப்பு என்றனர். வயது 53. ஃபார்பரின் கட்டுரை வெளிவந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. இந்தியர்க்கு அமெரிக்கக் குடியுரிமை பெறும் வழி 1946-இல் திறந்தும், அவர் அதைப் பெறாமலே இறந்தார். அவர் தேடிய ஈரற்பொருள் பி-12 என்னும் வைட்டமினாக அவ்வாண்டிலேயே வேறிடத்தார் கையில் அகப்பட்டது. பூஞ்சைக் காளானின் ஒரு சாதிக்கு அவர் பெயரை இட்டுள்ளனர். 1995-இல் நூற்றாண்டின்போது இந்திய அரசாங்கத்தார் தபால்தலை வெளியிட்டனர்.

அமினோப்டெரினுக்கு அடுத்து அதே சாலையில் தோன்றிய அதன் தங்கையே மெதொட்ரெக்ஸேட். ஐம்பதுகளில் அதுவே நிலைபெற்றது. ஒரு மருந்தாயின் நோய் மீள்கிறது, பல மருந்துகளைச் சேர்த்து நெடுநாள் கொடுத்தால் மீளாமற் செய்யலாம் என்பதை அறுபதுகளில் அமெரிக்க வைத்தியர் காட்டினர். இன்று வசதி மிக்க நாடுகளில், குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் வகை இரத்தப் புற்றுநோயில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரளவில் பிழைக்கின்றனர். நம் நாட்டில் இடையில் சிகிச்சையை விட்டுவிடுவதாலும் காய்ச்சல் கண்டவுடன் வாராமையாலும் இழக்கும் குழந்தைகள் உண்டு. சென்னை அடையாற்றில் 1954-ஆம் ஆண்டில் புற்றுநோய்க்கென்றே மருத்துவமனை தோன்றக் காரணமாயிருந்த டாக்டர் முத்துலட்சுமி அம்மையாரும் சுப்பராவ் பயின்ற கலாசாலையிற் பயின்றவரே. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர்.

அச்சிறுமியின் சீட்டை மீண்டும் வாங்கிப் பார்த்தோம். அவள் உண்பன இரண்டு மாத்திரைகள். ஒன்று வாரம் ஒருமுறை உண்ணும் மெதொட்ரெக்ஸேட். மற்றொன்று நாள்தோறும் உண்ணும் மெர்காப்டோபியூரின். பின்னதைக் கண்டவர்கள் கெர்ட்ரூட் எலியன் என்னும் அம்மையாரும், முன்னே யாம் நினைவில் வைக்கச் சொன்ன ஹிச்சிங்ஸும். ஹார்வர்டில் ஒரே ஆராய்ச்சிச் சாலையில் இருந்த இருவரின் வழிவந்த மருந்துகள், பாம்பனுக்கு அருகே ஒரு கடையின் உள்ளறையில் ஒரே தகரப் பெட்டியில் இருக்கின்றன.

தந்தையார்க்கு இவ்வளவும் கூறினோம். நீல மாத்திரை விருந்து என்றும், மஞ்சள் மாத்திரை அவ்விருந்தைத் தடுக்கும் மருந்து என்றும், இரண்டையும் சேர்த்தால் மருந்தின் வலி குன்றக்கூடும் என்றும் சொன்னவுடன் விளங்கிக்கொண்டார். மருத்துவர் சொன்ன ஒன்றையும் இங்கே குறிக்கக் கடமைப்பட்டுள்ளோம். இம்மஞ்சள் மாத்திரையை மூட்டுவாதத்திற்கும் சிறிதளவில் கொடுப்பதுண்டு; நம் சங்கத்துப் பெரியோர் சிலர் உண்டு வருகின்றனர். அவர்களுக்கு மருத்துவரே வேறொரு நாளில் ஃபோலிக் அமிலமும் கொடுப்பர். அவர் நிலை வேறு. ஆயின் யாவர்க்கும் பொதுவானது, இது வாரத்திற்கு ஒரு நாளைய மருந்து என்பது. மறதியால் நாள்தோறும் உண்டு உயிரிழந்தோர் பல நாடுகளிலும் உண்டு. வீட்டிலுள்ள இளையோர் அந்நாளின் பெயரை மருந்துப் பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் எழுதி வைத்தல் நலம்.

அச்சிறுமிக்கு வரும் ஆனி மாதத்தில் சிகிச்சை முடிகிறது என்றனர். அதன்பின் நீல மாத்திரையை எப்பொழுது தொடங்கலாம் என்று மருத்துவர் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே சிவப்பு மையாற் கோடிட்டு வைத்துள்ளோம். சென்ற வாரம் அவள் எம்மிடம் வந்து, அந்த ஆந்திரர் எத்தனை முறை பரீட்சையில் தவறினார் என்று கேட்டாள். அரைப்பரீட்சையில் கணக்கில் தவறியிருக்கிறாள். இரண்டு முறை என்றோம்.